நெல்லைச் சீமையில் பள்ளி ஆர்கெஸ்ட்ரா ஆசிரியர் ஆவது எப்படி?

கேட்டிருப்பது இது. பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கும் மகள். லண்டன் டிரினிட்டி போர்டின் இசைத் தேர்வில் வயலினில் ஆறாம் கிரேடு முடித்திருக்கிறாள். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்குரலின் கீழ்ப்பாகம் பாடுகிறாள். பள்ளியில் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் ஆசிரியராக வேண்டும் என்கிறாள். என்ன படிக்க வேண்டும், வேலை கிடைக்குமா, அதுவரை எதைப் பழக வேண்டும்?

வேலை உண்டு. ஆனால் நம் பக்கத்தில் அந்தப் பெயரில் யாரும் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். இசை ஆசிரியர், வெஸ்டர்ன் மியூசிக் டீச்சர், கொயர் மாஸ்டர், பேண்டு மாஸ்டர் என்று ஏதாவது ஒரு பெயரில் உள்ளே போய், இரண்டு மூன்று வருஷத்தில் ஆர்கெஸ்ட்ராவை அவளே உருவாக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரே வாத்தியத்தில் மேடைக் கச்சேரி செய்யும் திறமையைவிட, ஐந்தாறு வாத்தியங்களில் ஒரு பிள்ளையை முதல் ஒரு வருஷம் பிசகில்லாமல் கொண்டுபோகத் தெரிவதுதான் இங்கே பெரிய முதல். எட்டாம் கிரேடு வரை வயலினையே தேய்த்துவிட்டு, அதே குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவைத் தொட்டே பார்க்காதவர், முப்பது பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் திணறிப் போவார்.

இந்த மண்ணில் அடித்தளத்துக்குக் குறைவில்லை. வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-ல் காலமானதும் எட்டயபுரத்தில்தான். கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்குப் பெயர்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். தமிழிசை ஆய்வில் பெரும்பணி செய்த ஆபிரகாம் பண்டிதர் 1859-ல் சாம்பவர்வடகரையில் பிறந்தார். நாதஸ்வரத்துக்குக் காருகுறிச்சி அருணாசலம் இருந்தார். இந்த மரபுகள் இன்றும் மூன்று ஓடைகளாக ஓடுகின்றன. ஒன்று கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவின் நாலு பாக சோல்ஃபா, அதாவது டோ, ரே, மி என்று சுரப் பெயரால் பாடும் முறை. இன்னொன்று அரசு இசைப்பள்ளியிலும் வீட்டுக் குருவிடமும் கற்கும் கர்நாடக சங்கீதம். மூன்றாவது பள்ளி அணிவகுப்பு, கோயில் பவனி ஆகியவற்றுக்கு வாசிக்கும் பேண்டு. மூன்றுமே ஆர்கெஸ்ட்ரா ஆசிரியருக்கு உதவும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அது எங்கே என்று தெரிந்து இப்போதே அடைக்க வேண்டும்.

சோல்ஃபா பழகிய பிள்ளைக்குக் காது நன்றாக இருக்கும். ஆல்டோ பாடியதால், மேலே ஒரு மெட்டு போய்க்கொண்டிருக்கும்போதே தன் பாகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளத் தெரியும். கூட்டு இசைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஓட்டை, ஐந்து கோட்டில் சுரம் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனில் இருக்கிறது. சோல்ஃபாவில் ‘டோ’ எந்தச் சுருதிக்கும் நகரும், கர்நாடகத்தின் ‘ஸ’ மாதிரியே. ஐந்து கோட்டில் எழுதிய சுரம் நகராது, அது வயலினில் ஒரே இடத்தில்தான் விழும். டி மேஜரில் நன்றாக வாசித்த பிள்ளை சி மேஜர் வந்ததும் எஃப் சுரத்தை அரைச்சுரம் மேலே வைப்பதற்குக் காரணம் இதுதான். விரல் பழைய ‘மி’யைத் தேடிப் போகிறது. டிரினிட்டியில் பிராக்டிகல் கிரேடுக்குத் தியரி கட்டாயமில்லை என்பதால் ஆறாம் கிரேடு வரை தியரியைத் தொடாமல் வந்தவர்கள் நிறையப் பேர். ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இன்னொரு லண்டன் போர்டின் முறையில் ஆறாம் கிரேடுக்குப் போகும் முன் ஐந்தாம் கிரேடு தியரி கேட்பார்கள். எந்தப் போர்டாக இருந்தாலும் உங்கள் மகள் இந்த வருஷமே ஐந்தாம் கிரேடு தியரியை முடிக்கட்டும். அதன்பின் தினமும் பத்து நிமிஷம் ஆல்டோ கிளெஃப், பேஸ் கிளெஃப் (எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் தொடக்கக் குறிகள்) இரண்டையும் சத்தமாகப் படித்துப் பழகட்டும். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஆல்டோ கிளெஃபிலும், செல்லோவும் டபுள் பேஸும் பேஸ் கிளெஃபிலும் எழுதப்படுகின்றன. இவற்றைப் படிக்கத் தெரியாமல் ஒத்திகை நடத்தினால், தப்பு எந்த வரிசையிலிருந்து வருகிறது என்றே பிடிபடாது.

கர்நாடக வயலினிலிருந்து வருபவர்களுக்கு வேறு பிரச்சினை. தரையில் உட்கார்ந்து தலைப்பாகத்தைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பவர்களுக்கு இடதுகை தாராளமாக நழுவும். சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் அப்படித்தான் பிறக்கிறது. தாடையில் தாங்கி வாசிக்கும்போது கை நிலையாக நின்று விரல் மட்டும் விழ வேண்டும். தந்திகளின் சுருதியும் வேறு. இரண்டு கட்டையில், அதாவது டி-யை ஸட்ஜமாக வைத்துச் சேர்த்த வயலினில் தந்திகள் டி, ஏ, டி, ஏ என்று நிற்கும். இது மேற்கத்திய ஜி, டி, ஏ, இ-யைவிட ஒவ்வொரு தந்தியிலும் நாலைந்து சுரம் கீழே. ஒரே வயலினை இரண்டுக்கும் மாற்றி மாற்றி முறுக்கினால் மெல்லிய தந்தி அறும், தந்தியை முறுக்கும் பிருடையின் துளை தேயும், தந்திகளைத் தாங்கும் பாலம் முன்பக்கம் சாயும். இரண்டையும் தொடர விரும்புகிறவர் இரண்டு வயலின் வைத்துக்கொள்வதே வழி. வில்லிலும் கவனம் வேண்டும். கர்நாடகத்தில் வில் சாகித்தியத்தின் போக்கில் மாறும். ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வரிசையில் உள்ள எல்லா வில்லும் ஒரே நேரத்தில் கீழே வந்து ஒரே நேரத்தில் மேலே போக வேண்டும். பொதுவாக ஒவ்வொரு பாரின் (தாளக் கட்டத்தின்) முதல் அடிக்கும் வில் கீழே வர வேண்டும். இதைப் பென்சிலால் எல்லாப் பிரதியிலும் குறிக்காமல் ஒத்திகையைத் தொடங்கினால், சுரம் சரியாக இருந்தும் சொற்றொடர் துண்டு துண்டாகக் கேட்கும்.

பேண்டு ஓடையிலிருந்து வருபவர்கள் எழுத்தைப் படிப்பார்கள், நடையும் உறுதியாக இருக்கும். அவர்கள் கற்க வேண்டியது தந்தி வாத்தியங்களின் விரல் அமைப்பு. உங்கள் மகள் அந்தத் திசையில் கற்க வேண்டியது சுருதி மாற்றக் கணக்கு. கிளாரினெட், டிரம்பெட் இரண்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள். அவர்கள் தாளில் சி என்று பார்த்து ஊதினால் வெளியே பி ஃபிளாட் கேட்கும். வயலினோடு சேர வேண்டுமானால் அவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரு முழுச்சுரம் மேலே எழுதித் தர வேண்டும். ஆல்டோ சாக்ஸபோன் ஈ ஃபிளாட் வாத்தியம். தந்திக்காரர்களுக்கு டி, ஜி, ஏ மேஜர் சுகம், ஊதுபவர்களுக்கு ஃபிளாட் உள்ள சுருதிகள் சுகம். இரண்டு பக்கத்துப் புதுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்கிற நாளில் எஃப் மேஜரோ சி மேஜரோ எடுத்தால் சண்டை இருக்காது. எஃப் மேஜரில் கிளாரினெட்டுக்கு ஜி மேஜர் வரும், ஆல்டோ சாக்ஸுக்கு டி மேஜர் வரும், யாருக்கும் கஷ்டமில்லை.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இதற்கென்றே நாலு வருஷ இசைக் கல்விப் பட்டம் இருக்கிறது. ஒரு வாத்தியத்தை முதன்மையாக எடுத்துக்கொண்டு, மற்ற தந்தி, ஊது, தாள வாத்தியங்கள் ஒவ்வொன்றையும் குறுகிய வகுப்புகளில் தொட்டு, கண்டக்டிங் (கை அசைத்துக் குழுவை நடத்துவது) படித்து, கடைசியில் ஒரு பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருந்து, மாநில உரிமம் வாங்குவார்கள். நம் ஊரில் அப்படி ஒரே பாதை இல்லை. ஆனால் அந்தப் பாடத்திட்டத்தின் உள்ளடக்கத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம். பட்டத்துக்கு இரண்டு வழி. அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாற்றில் இருக்கின்றன. நம் ஊருக்கு மதுரை பக்கம். திருச்சியில் கலைக் காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. இவை இந்திய இசைக்கானவை. மேற்கத்திய இசையை முழுநேரமாகப் படிக்கச் சென்னையில் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும், செலவும் கூடும். இன்னொரு வழி, உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் ஏதாவது ஒரு பட்டம் படித்துக்கொண்டே எட்டாம் கிரேடும், அதன்பின் டிரினிட்டியின் ஏ.டி.சி.எல். போன்ற டிப்ளமோவும் முடிப்பது. ஆசிரியப் பணிக்கெனத் தனிப் பிரிவுள்ள டிப்ளமோக்களும் உண்டு, மேடைக்கானதைவிட அதுவே உங்கள் மகளுக்குப் பொருந்தும். நம் பக்கத்துத் தனியார் பள்ளிகள் பட்டமும் கிரேடும் சேர்ந்திருப்பதை மதிக்கும். ஆகவே வீட்டுச் சூழ்நிலை பார்த்து இரண்டாவது வழியை எடுத்தாலும் குறைவில்லை.

அரசுப் பள்ளி என்றால் கணக்கு வேறு. அங்கே இசை என்பது சிறப்பாசிரியர் பணியிடம். அரசுத் தேர்வுகள் துறையின் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு உண்டு. அதன்பின் கோடைகாலத்தில் தொழிலாசிரியர் சான்றிதழ் பயிற்சி. நியமனம் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக. 2017-ல் அப்படி ஒரு தேர்வு நடந்தது. உடற்கல்வி, ஓவியம், தையல் ஆகியவற்றோடு சேர்த்து இசைக்கும் இடம் கொடுத்தார்கள். அடுத்தது எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு காத்திருந்தால் வயது போய்விடும். சான்றிதழை முடித்து வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பதே புத்தி. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். இசையும் அதில் இருந்தது. அந்தச் சம்பளத்தை மட்டும் நம்பி யாரும் குடும்பம் நடத்தியிருக்க முடியாது. தனியார் பள்ளியிலும் பெரும்பாலும் பள்ளிச் சம்பளம், ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன், மாலை டியூஷன் என்று மூன்றும் சேர்ந்துதான் ஒரு வருமானம். இதைத் தெரிந்து இறங்குவது நல்லது. கொடைக்கானல், ஊட்டி பக்கத்து உறைவிடப் பள்ளிகள் தங்குமிடமும் கொடுத்து எடுப்பதுண்டு. முதல் மூன்று வருஷ அனுபவத்துக்கு அது நல்ல இடம்.

கல்லூரி முடியும்வரை அவள் தனியே பழக வேண்டியவை இவை. முதலில் வயோலா. வயலின் வாசிப்பவருக்கு ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். தந்திகள் சி, ஜி, டி, ஏ. அடுத்தது செல்லோ. அதே தந்திகள் ஓர் எட்டுச்சுரம் கீழே, ஆனால் விரல் அமைப்பு முற்றிலும் வேறு. வயலினில் முழுச்சுரத்துக்கு அடுத்தடுத்த விரல். செல்லோவில் முதல் நிலையில் ஒவ்வொரு விரலும் அரைச்சுரம் தள்ளி விழும், அதனால் டி தந்தியில் எஃப் ஷார்ப்புக்கு மூன்றாம் விரல். வயலின் ஆசிரியர்கள் செல்லோப் பிள்ளைக்கு ‘ரெண்டாம் விரல் வை’ என்று சொல்லிக் குழப்புவது இதனால்தான். டபுள் பேஸ் நாலு சுர இடைவெளியில் சேர்ப்பது: இ, ஏ, டி, ஜி. நெல்லையில் செல்லோ ஆசிரியர் கிடைப்பது அரிது. மே மாத விடுமுறையில் சென்னையில் உறவினர் வீட்டில் தங்கி நாலு வாரம் கற்றுவந்தாலே ஆரம்ப வகுப்பு எடுக்கப் போதும். கீபோர்டில் நாலு பாகத்தையும் மெதுவாக வாசித்துக் காட்டும் அளவு பழக்கம் வேண்டும், நாலாம் ஐந்தாம் கிரேடு அளவு. கண்டக்டிங்கைக் கண்ணாடி முன் நின்று பழகலாம். வலதுகை இரண்டு, மூன்று, நாலு அடி போட, இடதுகை சும்மா தொங்க வேண்டும். இடதுகை வலதுகையை நகல் எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பின்னர் யாருக்கும் நுழைவு காட்ட முடியாது.

இனி பள்ளிக்குள். முதல் வருஷம் எட்டயபுரத்துத் தீட்சிதர் அளவுக்கு ஆசைப்பட வேண்டாம், இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்தினால் அதுவே வெற்றி. ஆறாம் ஏழாம் வகுப்பில் எடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒத்திகைக்கு விடமாட்டார்கள். முதல் வயலின் வரிசை முழுக்கப் பத்தாம் வகுப்பாக இருந்தால் ஆண்டு விழாவில் மெட்டே இருக்காது. மாலை நேரத்தை நம்பவும் கூடாது, பள்ளி வேன் போகும் நேரத்துக்கு அறை காலியாகிவிடும். வாரம் இரண்டு பீரியட் கால அட்டவணையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் காலை பிரேயருக்கு முன் முக்கால் மணி நேரம். ஆனித் தேரோட்டம், கொடை விழா, உள்ளூர் விடுமுறை, தோத்திரப் பண்டிகை (கிறிஸ்தவ நன்றி விழா) என்று ஜூனிலிருந்தே நாள்கள் கழியும். ஆகவே புதுப் பாடத்தைத் தேர்வு வாரத்துக்கு முன் தொடங்கக் கூடாது.

வாத்தியம் வாங்கும்போது அளவில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று பெற்றோர் பெரிய வயலினை வாங்கிவிடுவார்கள். பிள்ளையின் இடதுகையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளக்க வேண்டும். 23 அங்குலம் வந்தால் முழு அளவு, 22 என்றால் முக்கால், 20 என்றால் அரை, பதினெட்டரை என்றால் கால். பெரிய வயலினைப் பிடித்த பிள்ளைக்கு மணிக்கட்டு உள்ளே மடங்கும், நாலாம் விரல் எட்டாது, மூன்றே மாதத்தில் தோள்வலி என்று நின்றுவிடும். ஒரு செல்லோவின் விலையில் நாலைந்து மாணவர் வயலின் வாங்கலாம், அதனால் நிர்வாகம் செல்லோவை ஒத்திப்போடும். முதல் வருஷம் வயலின் மட்டும் பதினாறு, அதை முதல், இரண்டாம், மூன்றாம் வரிசையாகப் பிரித்து, கீழ்ப்பாகத்தைக் கீபோர்டில் கொடுத்துச் சமாளிக்கலாம். மின்தடை நேரத்தில் அடித்தளமே காணாமல் போகும் என்பதால் பேட்டரியில் ஓடும் கீபோர்டாக இருக்கட்டும். இரண்டாம் வருஷம் இரண்டு செல்லோ, இரண்டு வயோலா கேட்டுப் பெறுங்கள். விலைக்கு வாங்கும் பள்ளி ஆர்கெஸ்ட்ரா நொட்டேஷன் தொகுப்புகளில் பொதுவாக முதல் வயலின் 8, இரண்டாம் வயலின் 8, வயோலா 5, செல்லோ 5, பேஸ் 5 என்று பிரதி இருக்கும். எட்ட வேண்டிய விகிதத்துக்கு அது ஒரு வழிகாட்டி. பணத்துக்கு ஒரு பழைய உத்தி உண்டு. இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் ஊரில் 1897-ல் பள்ளியில் வயலின் வகுப்பு தொடங்கியபோது, பிள்ளைகளுக்கு வயலினை வாரத் தவணையில் கொடுத்தார்கள். சில வருஷத்தில் அந்த ஏற்பாடு நாடு முழுக்கப் பரவியது. பள்ளி மொத்தமாக வாங்கி, பெற்றோரிடம் பத்து மாதத் தவணையில் பெறும் ஏற்பாடு நம் தாளாளர்களுக்கும் புரியும்.

முதல் மூன்று வாரம் வில்லையே கொடுக்க வேண்டாம். விரலால் மீட்டட்டும். ஒரே நேரத்தில் நாலு வேலையைப் பிடிப்பதற்குப் பதில் ஒன்றில் கவனம் நிற்கும். விரல் இடத்துக்கு மெல்லிய டேப் ஒட்டலாம். முழு அளவு வயலினில் தந்தி நீளம் சுமார் 328 மில்லிமீட்டர். தலைப்பக்கம் தந்திகள் படியும் மேல் நட்டிலிருந்து 36, 68, 82 மில்லிமீட்டரில் மூன்று டேப் ஒட்டினால் டி தந்தியில் இ, எஃப் ஷார்ப், ஜி வரும். சிறிய அளவு வயலினுக்கு அதே விகிதத்தில் குறையும். அளந்து ஒட்டியபின் டியூனர் வைத்துச் சரிபாருங்கள், பாலம் நகர்ந்திருந்தால் எல்லாம் பிசகும். எஃப் நேச்சுரல் சொல்லித்தரும் முன் நடு டேப்பை எடுத்துவிடுங்கள், வருஷ முடிவில் மற்ற இரண்டையும். வைத்தே இருந்தால் கண் மட்டும் வேலை செய்யும், காது தூங்கிவிடும்.

முதல் கூட்டு வாசிப்புக்கு மோகனத்தை எடுங்கள். டி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ, ரி, க மூன்றும் டி தந்தியில் திறந்த தந்தி, முதல் விரல், இரண்டாம் விரல். ப, த இரண்டும் ஏ தந்தியில் திறந்த தந்தி, முதல் விரல். மேல் ஸட்ஜம் மூன்றாம் விரல். அரைச்சுரமே கிடையாது, அதனால் விரல்கள் நெருங்கும் சிக்கல் இல்லை. செல்லோவும் வயோலாவும் டி, ஏ திறந்த தந்திகளைச் சுருதியாக இழுத்துக்கொண்டிருந்தாலே நிறைவாகக் கேட்கும். அதன்பின் டி மேஜர் முழுவதும், அதாவது இரண்டு கட்டை சங்கராபரணம். முத்துஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதிய நொட்டுஸ்வர சாகித்தியங்கள் இந்தக் கட்டத்துக்கு மிகச் சரியாகப் பொருந்தும். அவற்றில் ‘சியாமளே மீனாக்ஷி’யின் மெட்டு, ஜப்பானின் ஷினிச்சி சுஸுகி தன் வயலின் முறையில் முதல் பாடமாக வைத்த அதே மெட்டுதான். பாடத் தெரிந்த பிள்ளைகள் பாட, மற்றவர்கள் வாசிக்க, ஒரே பாடத்தில் இரண்டு மரபும் கைக்கு வரும். மாயாமாளவகௌளையில் தொடங்கும் வழக்கம் வாய்ப்பாட்டுக்கு நல்லது. வயலின் வரிசைக்கு அதை முதல் வருஷம் கொண்டுவராதீர்கள், ஒரே தந்தியில் முதல் விரல் பின்னே போக, இரண்டாம் விரல் தொலைவில் நீட்ட வேண்டியிருக்கும்.

கீர்த்தனைகளுக்கு நாலு பாகம் எழுதும்போது எல்லா ராகத்துக்கும் கார்டு (பல சுரம் சேர்ந்தொலிக்கும் அடுக்கு) போடக் கூடாது. சங்கராபரணம், மோகனம், அரிகாம்போதி தாங்கும். தோடி, பைரவி தாங்காது. கமகத்தின் நடுவில் கார்டு மோதிக் கரகரக்கும். அவற்றை ஒற்றைக் குரலாகவும் சுருதியாகவும் விட்டுவிடுங்கள். தாளத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நாலடி கொண்ட இரண்டு பாராக எழுதலாம். மிஸ்ர சாபுவை மூன்று, இரண்டு, இரண்டு என்று நீளமும் குறுகலுமான மூன்று அடியாகக் காட்டலாம். பாடல் அடி தள்ளித் தொடங்கும் இடங்களில் கைத்தாளம் போடப் பழகிய பிள்ளை தடுமாறாது. ஆகவே வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் தாளம் போட்டுப் பாட வையுங்கள், பிறகு வாசிக்கட்டும்.

நாற்பது நிமிஷப் பீரியடில் இருபது வயலினுக்குச் சுருதி சேர்ப்பதிலேயே நேரம் போய்விடும், இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பிருடையைத் தொடுவது ஆசிரியர் மட்டும். பிள்ளைகள் அடிப்பகுதியில் உள்ள ஃபைன் டியூனரை இரண்டாம் பருவத்திலிருந்து தாங்களே திருப்பலாம். நாலு தந்திக்கும் ஃபைன் டியூனர் உள்ள வயலினாகப் பார்த்து வாங்குங்கள். ஏ 440 ஹெர்ட்ஸில் ஒரு சுரம், முதலில் ஏ, பிறகு டி, ஜி, கடைசியில் இ. ஃபைன் டியூனரை ஒரே பக்கம் திருகிக்கொண்டே போனால் அதன் அடிக்கம்பி வயலின் மேற்பலகையில் குத்திப் பள்ளம் விழும். மாதம் ஒருமுறை திருகைப் பாதிக்குத் தளர்த்தி, பிருடையால் ஈடுகட்ட வேண்டும்.

பராமரிப்பு தெரியாத ஆசிரியரின் ஆர்கெஸ்ட்ரா இரண்டு வருஷம் தாங்காது, பழுது பார்க்கச் சென்னைக்கு அனுப்பிய வயலின் ஒரு பருவம் கழித்துத்தான் திரும்பும். நம் வெயில்தான் முதல் எதிரி. வயலின் பலகைகளை ஒட்டும் பசை சூட்டில் இளகும், இளகினால் ஓரம் திறந்துகொள்ளும். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ, தகரக் கூரை அறை, வெயிலில் நிற்கும் கார், மூன்றிலும் வயலினை வைக்கவே கூடாது. மே மாதம் முழுக்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், காற்றோட்டமான அறையில் இருக்கட்டும். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சாரல் காலத்தில் எதிர்ப் பிரச்சினை. ஈரத்தில் பிருடை உப்பி இறுகிக்கொள்ளும். வலிந்து முறுக்கினால் உடையும், உள்ளும் வெளியும் மெல்ல ஆட்டித்தான் விடுவிக்க வேண்டும். வறண்ட மாதங்களில் அதே பிருடை வழுக்கும், சாக்பீஸ் பொடி கொஞ்சம் தடவினால் பிடிக்கும். தந்தி மாற்றும்போது நாலையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. அழுத்தம் போனால் உள்ளே நிற்கும் ஒலித்தூண் விழுந்துவிடும், அதை நிமிர்த்தத் தனிக் கருவி வேண்டும். ஒன்று கழற்றி, ஒன்று மாட்டி, பிறகு அடுத்தது. பாலம் எஃப் வடிவத் துளைகளின் நடு வெட்டுக்கு நேராக, பின்முகம் பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். வில்லின் முடியை வாசித்து முடித்ததும் தளர்த்த வேண்டும். வாசிக்கும்போது நடுவில் ஒரு பென்சில் பருமன் இடைவெளி போதும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்த பிள்ளை முடியைக் கோதிய கையால் வில்முடியைத் தொட்டால், அந்த இடத்தில் வில்முடிக்குத் தேய்க்கும் ரோசின் பிசின் பிடிக்காது, சத்தமே வராமல் வழுக்கும். வகுப்பு வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வைத்துவிடுவது நல்ல வழக்கம்.

கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி செல்லோவுக்கும் வயலினுக்கும் ஆகாது, முழங்கை இடிக்கும். ஹாலில் இருக்கும் கைப்பிடியில்லாத மடக்கு நாற்காலியைக் கேளுங்கள். மொசைக் தரையில் செல்லோவின் ஊன்றுகம்பி வழுக்கி ஓடும். நாற்காலிக் காலில் மாட்டிய ஒரு பெல்ட்டில் அதைக் கொளுவிவிடலாம். மின்விசிறிக் காற்றுக்கு நொட்டேஷன் தாளில் துணி கிளிப். ஆண்டு விழாவில் பந்தலின் கீழ் தந்தி வாத்தியத்தின் சத்தம் காற்றோடு போய்விடும், சுவர் எதிரொலி இல்லாததால். மைக் செட்காரரிடம் முந்தின நாளே பேசி, வரிசைக்கு முன் இரண்டு கண்டன்ஸர் மைக் உயரத்தில் நிறுத்தச் சொல்லி, எக்கோவை முழுவதும் குறைக்கச் சொல்லுங்கள். கீபோர்டை மட்டும் நேரடியாக இணைத்துவிட்டால் மற்ற பத்தொன்பது பேர் வாசித்தது யாருக்கும் கேட்காது.

நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு மூன்று தாள்கள் கையில் இருக்கட்டும்: ஜூன் முதல் பிப்ரவரி வரை மாதவாரிப் பாடத் திட்டம், வாத்தியங்களின் அளவு வாரியான தேவைப் பட்டியல், தந்தி, ரோசின், வில்முடிக்கான வருஷப் பராமரிப்புச் செலவு. டெமோ வகுப்பில் அவள் கச்சேரி வாசிக்கத் தேவையில்லை. வாத்தியமே இல்லாத நாற்பது பிள்ளைகளை இருபது நிமிஷத்தில் இரண்டு பாகமாகப் பாட வைத்தால் தலைமையாசிரியருக்குப் புரிந்துவிடும். நியமனம் ஆனால் வாரம் எத்தனை பீரியட், வருஷம் எத்தனை விழாக்களுக்கு வாசிக்க வேண்டும், உடைந்த வாத்தியத்துக்கு யார் பணம் கொடுப்பது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். விழா எண்ணிக்கையை முதலிலேயே வரையறுக்காவிட்டால் விருந்தினர் வரவேற்பு, விளையாட்டு விழா, அசனப் பண்டிகை (கிறிஸ்தவக் கோயில் பொதுவிருந்து) என்று பிள்ளைகள் அரைகுறையாகக் கற்றதையே மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருப்பார்கள், புதுப் பாடம் படிக்க நேரமே கிடைக்காது.